சனிக்கிழமை இரண்டு மணி நேரம்

என் கணவர் கட்கியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் போட்டவர். இரண்டாயிரத்து மூன்றில் அவருக்கு மறதி நோய் என்றார்கள். இரண்டு முறை பக்கத்தில் சாங்வியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து தனியாக இறங்கிப் போய் ஆற்றுப் பாலத்தருகே நின்றிருந்தார். அதற்குப் பிறகு கதவை உள்பக்கம் பூட்டத் தொடங்கினேன். பூட்டியது அவருக்காக. ஆனால் உள்ளே இருந்தது இரண்டு பேரும்.

காலையிலிருந்து "வீட்டுக்குப் போலாம் வா" என்பார்.

"இதாங்க நம்ம வீடு."

டீ ஆறுவதற்குள் மறுபடி கேட்பார்.

பக்கத்துக் குடியிருப்பின் ஹாலில், இந்த நோய் உள்ளவர்கள் சனிக்கிழமை மதியம் கூடிப் படம் வரைகிறார்கள், களிமண் பிசைகிறார்கள், பாடுகிறார்கள் என்று மாடி வீட்டுப் பெண் சொன்னாள். நடத்தியவர் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை, மராத்திக்காரர். மூன்றிலிருந்து ஐந்து வரை. கூட வந்தவர்கள் வெளியே போய்வரலாம் என்றார். இவருக்குக் குணமாகும் என்று நான் போகவில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே போனேன்.

அது கிடைக்கவில்லை. அத்தனை வருடம் பேசிய மராத்தியும் இந்தியும் உதிர்ந்துபோய் அவரிடம் தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. ஆசிரியை "காகா, ரங் க்யா" என்று தூரிகையை நீட்டினால் என்னைப் பார்ப்பார்.

"கலர் எடுத்துக்கங்கன்னு சொல்றாங்க."

நான் எழுந்தால் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வார். ஏழெட்டு வாரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு வாரம், அதே நோய் உள்ள ஒரு மராத்தி அம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சிவப்பைக் குழைத்துக்கொண்டே மராத்தியில் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"ஆமா, லைன் நேரா வரல. ஸ்கேல் கொண்டாங்க" என்றார் இவர்.

அம்மாள் தலையாட்டிவிட்டு மேலே பேசினார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. அது இருவருக்கும் குறையாகத் தெரியவில்லை. இவர் கை என் தலைப்பை விட்டிருந்தது. ஆசிரியை கண்ணால் வாசலைக் காட்டினார்.

முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். சிவாஜிநகரில் இறங்கி, ரயில் நிலையத்துக்குள் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். திரும்பிப் போகாவிட்டால் என்ன என்று நினைத்தேன். எந்த வண்டி, யார் வீடு என்பதுவரை நினைத்தேன்.

திரும்பி வந்தபோது மணி ஆறேகால். ஹாலில் ஆசிரியையும் இவரும் மட்டும் இருந்தார்கள். பஸ் கிடைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில், நினைத்ததையே சொல்லிவிட்டேன்.

 ஆசிரியை, தன் அம்மாவுக்கும் இதே நோய்தான் என்றார். ஒருநாள் அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மாலைவரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தாராம். "கிஸீ கோ நஹீ பதாயா, காக்கூ" என்றார். யாரிடமும் சொன்னதில்லை.

களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்த இவர் நிமிர்ந்தார். "எங்க போயிருந்த?"

"சும்மா, நடந்துட்டு வந்தேங்க."

இரண்டு வருடம் போனோம். அவருக்கு நடை நின்றதும் அதுவும் நின்றது; மறுபடி நானும் அவரும் நான்கு சுவர்களும். சில சனிக்கிழமைகளில் ஆசிரியை ஃபோன் செய்வார். பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. இருந்தாலும் இருவரும் உடனே வைத்துவிட மாட்டோம்.