நான் சேர்த்துத் திருப்பிய இரண்டு தாள்கள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்குப் போனவள் நான். இப்போது காரைக்காலில் ஆசிரியையாக இருக்கிறேன். அந்தப் பெருமையோடுதான் நெரவியில் எங்கள் தெருக்காரர்களுக்கு வாராவாரம் பத்திரிகைத் தொடர்கதையைப் படித்துக் காட்டுகிறேன். சோழர் காலத்து வைத்தியர் ஒருவரும் அவர் மனைவியும் கொலைகளைத் துப்புத் துலக்கும் கதை. எனக்கும் அது என்றால் உயிர்.

சென்ற மாதம் ஒரு நாள், அறுபது பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்ததில் தொண்டை கட்டியிருந்தது. சீக்கிரம் முடித்தால் போதுமென்று இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை நிறுத்தினார். "இரும்மா. கெணத்துல சலங்கை கெடந்தது வைத்தியர் பொஞ்சாதிக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லவே இல்லையே."

"தாளு ரெண்டா பெரண்டுச்சு, நான் பாத்தேன்" என்றார் அவர் கணவர்.

"இங்கயும் புருசனும் பொண்டாட்டியும் சேந்து கண்டுபிடிச்சிட்டாங்க" என்று எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

"சைகோன்லேருந்து எம் புள்ள போடுற காயிதத்தையும் இப்படித்தான் படிச்சியா?"

இல்லை என்றேன். உண்மைதான். ஆனால் எழுத்தறியாத அவர் அதை எப்படிச் சரிபார்ப்பார்?

மறுநாள் மாலை நானே பத்திரிகையோடு அவர் வீட்டுக்குப் போய், முன்பு படித்துச் சொன்ன பதினோரு கடிதங்களையும் தேதியிலிருந்து கையெழுத்து வரை மறுபடி படித்தேன். குரல் கம்மிவிட்டது. அத்தை தண்ணீர் கொடுத்துவிட்டு, "அந்த ரெண்டு தாளையும் படிச்சிடு" என்றார். படித்தேன்.

இப்போதெல்லாம் களைப்பாக இருந்தால், "இன்னைக்கு முடியலைங்க, நாளைக்குப் படிக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறேன். எடுத்துவிட்டால் ஒரு வரியும் விடுவதில்லை.