என் பக்கத்திலிருந்து கிளம்பாத கோடு

திருப்பதியில் என் மகன் குடியிருக்கிற வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. என்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று லிஃப்டில்தான் ஏறினேன். அதற்குப் பிறகு அது ஓடவில்லை. கணுக்காலில் தகடு வைத்திருந்தார்கள். கட்டுப் பிரித்து, கோலை ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகும் அந்த வீட்டுக்குள்தான் நடந்தேன். ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து ஹால்.

எனக்குச் சித்தூரில் சொந்த வீடு உண்டு. தினம் காலையில் அங்கிருந்து பஸ்ஸில் காணிப்பாக்கம் போய், பிள்ளையார் கோயில் தெருவில் செருப்பு விடுகிற திருப்பத்தில் உட்கார்ந்து அருகம்புல் மாலை கட்டி விற்பேன். புல்லை எவரும் அறுத்துக்கொண்டு வரலாம். இலை மடங்காமல், அவிழாமல், சாமி கழுத்தில் போட்டால் நிற்கிற மாதிரி கட்ட எல்லாருக்கும் வராது. எனக்கு வரும். அந்த இடத்துக்குப் பட்டா கிடையாது. தினமும் யார் உட்காருகிறார்களோ அவர்களுடையது, அவ்வளவுதான். சவிதித் திருவிழா, அதாவது பிள்ளையார் சதுர்த்தி, தொடங்கும்போது அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அப்புறம் அவர்களை யாரும் எழுப்ப மாட்டார்கள். அது தெருவில் எல்லாருக்கும் தெரிந்த நியாயம்.

பக்கத்தில் தேங்காய் விற்கிறவள் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, புத்தூர்க்காரி ஒருத்தி உன் எடத்தையே பாத்துக்கினு கீறா. நான் தேங்கா மூட்டய வச்சி மறச்சிருக்கேன். சவிதிக்குள்ள வந்துடு. அப்பறம் என்னால ஆவாது."

"வரேன்னு சொல்லு."

"யார்கிட்ட சொல்றது, மூட்டகிட்டயா?"

மகனிடம் அதை நான் சொல்லவில்லை. என் இடத்துக்குப் போக நான் எதற்கு ஒருவரிடம் கேட்க வேண்டும்? அவனே கொண்டுபோய் விடுவான் என்று இருந்தேன். அவன் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். வாரம் முழுக்க அங்கேயே அறை எடுத்துத் தங்கி, லீவு நாளில் வருவான். வீட்டில் நானும் மருமகளும்தான். அவள் நகரிப் பெண். பெங்களூரில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஹாலில் மேஜை போட்டு உட்கார்ந்து வேலை செய்கிறாள். அவள் மீட்டிங்கில் பேசும்போது மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் விசில் அடிக்கக் கூடாது. எனக்கு இருமல் வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானாகப் பழகிக்கொண்டேன்.

அந்த மாதம் அவளுக்குக் கொடுத்த வேலை இது. அவர்கள் கம்பெனியில் எல்லாரும் எழுதுகிற புரோகிராமை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறார்கள். எது எதற்குப் பிறகு நடக்கிறது என்று பக்கத்திலேயே விளக்கமும் எழுதி வைப்பார்களாம். அந்த விளக்கத்தை வெறும் எழுத்தாகத் தட்டினால் போதும், கட்டமும் கோடும் போட்டுத் தானாகப் படமாக வர வேண்டும். படம் போட்டுத் தருவதற்குத் தனியாக ஒரு சர்வர் வேண்டும். அதை அமைத்து, அந்தச் சேர்த்து வைக்கிற இடத்தோடு இணைப்பதுதான் அவள் வேலை.

"கையால வரஞ்சா ஆவாதா?" என்று கேட்டேன்.

"ஆவும் அத்தே. நாளைக்கு ஒண்ணு மாறினா மறுபடியும் மொத்தத்தையும் வரையணும். இதுல ஒரு வார்த்தைய மாத்தினா படமும் மாறிடும்."

நல்ல வேலைதான் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் அவள் என் மகனோடு போன் ஸ்பீக்கரில் பேசியது காதில் விழுகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். நான் தூங்குகிறேன் என்று எண்ணிப் பேசினார்கள்.

"இத முடிச்சிட்டா வூட்டுல இருந்தே வேல செய்யின்னு எழுதிக் குடுக்கறேன்னாரு மேனேஜரு," என்றாள். "முடிக்கலன்னா பெங்களூரு ஆபீசுக்கு வந்துடுன்றாரு."

"முடிச்சிடு. நீ வூட்டுல இருந்தா அம்மாவும் இங்கயே இருந்துடும். சித்தூர் வூட்ட வாடகைக்கு உட்டுடலாம்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் சர்வர் படம் போட்டால் நான் இந்த மூன்றாவது மாடியில்தான். போடாவிட்டால் அவள் பெங்களூர் போவாள், வீட்டைக் காலி செய்வார்கள், என்னைக் கொண்டுபோய்ச் சித்தூரில்தான் விட்டாக வேண்டும்.

அது போடக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. போட வேண்டும் என்றும் வேண்டிக்கொள்ளவில்லை. அவருக்கு மாலை கட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன், இதில் பிள்ளையாரிடம் என்னத்தைக் கேட்பது?

அவளும் ஒன்றும் சுகமாக இல்லை. விடிந்தால் அந்த நாற்காலி, பொழுது போனாலும் அந்த நாற்காலி. தட்டில் போட்டு வைத்த இட்லி காய்ந்துபோகும். திரையில் சிவப்பாக என்னவோ வரும், அவள் உதட்டைக் கடிப்பாள். அந்த வீட்டில் நான் மட்டும்தான் அடைபட்டிருந்தேன் என்று சொன்னால் அது சரியில்லை.

கடைசியில் ஒரு நாள் படம் வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். சின்னச் சின்னக் கட்டங்கள், நடுவில் அம்புக்குறி. கம்பெனிக்காரர்களை எல்லாம் மீட்டிங்கில் கூட்டி வைத்து அதே படத்தைக் காட்டினாள். நான் பால்கனியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் குரல் திடீரென்று இறங்கிப்போனது. "எனக்குத் தெரியுதே சார்... உங்களுக்கு வரலியா சார்? யாருக்குமே வரலியா?"

அவளுக்கு மட்டும்தான் படம் தெரிந்திருக்கிறது. மற்ற எல்லாருக்கும் அந்த இடத்தில் கிழிந்த காகிதம் மாதிரி ஒரு சின்ன அடையாளம். மீட்டிங் முடிந்ததும் மேஜையில் தலை கவிழ்ந்துகொண்டாள். எனக்கு உள்ளே சித்தூர் வழி திறந்தது. உண்மை அது. ஆனால் அவள் தலைமுடி கீபோர்டு மேல் விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது?

"எழுந்து வந்து துன்னு. பட்டினி கெடந்தா படம் வந்துடுமா?"

கீரைச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவள் பாதியில் கையை நிறுத்தினாள். "அய்யோ அத்தே! நான் சர்வர எம் மிஷின்லயே ஓட்டிக்கினு, அந்த அட்ரஸையே குடுத்துட்டேன். அதுக்கு அர்த்தமே 'இந்த மிஷினு'ன்றதுதான். யார் தெறந்தாலும் அவங்கவங்க மிஷின்லயே தேடும்."

"அவனவன் அவன் வூட்டுலயே தேடிட்டு வந்து இல்லன்றான்."

"அதேதான்!" சோற்றுக் கையோடு சிரித்தாள். நான் அந்த வீட்டுக்குப் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எல்லாரும் போய்ச் சேரக்கூடிய இடத்தில் சர்வரை மாற்றி வைத்து, புது அட்ரஸ் கொடுத்தாள். அதற்குச் சில நாள் ஆனது. மறுபடியும் எல்லாரையும் கூப்பிடுவதற்கு முன்னால், சோதனைக்கு எதையாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்றாள்.

"நம்ம வூட்டு கதையவே எழுதறேன் அத்தே. யாரு யாருக்கு இன்னா செய்யறாங்கன்னு."

எனக்காகத் தமிழில் தட்டினாள். படம் வந்தது, ஆனால் எழுத்து ஒன்றும் வரவில்லை. எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக நின்றது. "தமிழ் ஃபாண்ட் போடல, அதான். போட்டுட்டு காட்டறேன்," என்று மூடப் போனாள்.

"இரு," என்றேன்.

எழுத்தில்லாதது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. மேலிருந்து கீழே மூன்று நெட்டுக்கோடு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குச்சி மனிதன். எது யார் என்று கேட்டேன். ஓரத்தில் மகன், நடுவில் அவள், இந்த ஓரத்தில் நான். குறுக்கே அம்புகள். காப்பி, மாத்திரை, வெந்நீர், சாப்பாடு, 'நடக்காதீங்க', 'அங்க போவாதீங்க' என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னாள். அவளிடமிருந்து என்னிடம். மகனிடமிருந்து என்னிடம். அம்மா சாப்பிட்டாங்க, அம்மா தூங்கிட்டாங்க என்று அவளிடமிருந்து மகனிடம். என் நெட்டுக்கோட்டில் எல்லாம் வந்து வந்து முட்டி நின்றன.

"எங்கிட்ட இருந்து ஒண்ணும் கெளம்பலியே?"

அவள் திரையைப் பார்த்தாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள்.

"வேணும்னு உடல அத்தே. நடக்கறத அப்படியே எழுதினேன்."

"அதான் கேக்கறேன்."

பிறகு அவள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். "சொல்லுங்க. எங்க போவணும்?"

கேட்கக் கூடாது என்று அத்தனை நாள் வைத்திருந்தேன். அவள் கேட்டுவிட்டாள், அதனால் சொன்னேன். தேங்காய்க்காரியையும் மூட்டையையும் புத்தூர்க்காரியையும் சவிதியையும் எல்லாம் சொன்னேன். அவள் ஒரு வரி தட்டினாள். எனக்கு இந்தப் பக்கம் காணிப்பாக்கத்துக்கென்று புதிதாக ஒரு நெட்டுக்கோடு முளைத்து, என் கோட்டிலிருந்து ஒரு அம்பு அங்கே போய்ச் சேர்ந்தது.

அந்த வாரமே பெங்களூர்க்காரர்கள் எல்லாருக்கும் படம் தெரிந்துவிட்டது. வீட்டிலிருந்தே வேலை என்று எழுதியும் கொடுத்தார்கள். லீவில் வந்த மகன் பால்கோவா வாங்கி வந்திருந்தான்.

"இனிமே கவல இல்லம்மா. நீ இங்கயே."

"சவிதி வருது. நான் காணிப்பாக்கம் போறேன்."

"இன்னாத்துக்கு? புல்லு கட்டவா? பையன் தொரத்தி உட்டுட்டான்னு ஊரு பேசறதுக்கா?"

"ஊரு வந்து மூணு மாடி ஏறி என்னப் பாத்துச்சா?"

"லிஃப்ட்டு செரியாவட்டும்மா, பாக்கலாம்."

மருமகள் கோவாவைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு லீவு போட்டுட்டேன். நான் கூட்டிக்கினு போறேன்."

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சாயந்தரம் ரெண்டு பேரும் வந்துடணும்," என்றான். நான் உள்ளே போய்த் துணிப்பையில் என் புடவைகளை அடுக்கினேன். காலையில் எழுந்து அவன் வேலைக்குப் போய்விட்டான்.

நான் கோலோடும், அவள் என் துணிப்பையோடும் இறங்கினோம். ஒவ்வொரு படியும் ஆழமாக இருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். அவள் போன் அடித்தது. கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது.

"யாருக்கும் படம் வரலியாம் அத்தே. எதுவோ நின்னு போச்சி. நான்தான் பாக்கணும்." பையை என் பக்கத்தில் வைத்தாள். "இங்கயே குந்திக்கினு இருங்க, தோ வந்துடறேன்."

மேலே ஓடினாள். நான் குந்திக்கொண்டிருந்தேன். அந்த மாடியில் ஒரு பெண் கதவைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். மேலே மருமகளின் மீட்டிங் குரல் ஆரம்பித்தது. "செக் பண்றேன் சார், எஸ் சார்." அந்தக் குரல் ஆரம்பித்தால் எப்போது முடியும் என்று எனக்குத் தெரியும். பூட்டிக் கிடந்த லிஃப்ட் கதவு எதிரே இருந்தது. கீழேயிருந்து ஆட்டோ ஹாரன் கேட்டது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். கைப்பிடியைப் பிடித்து எழுந்தேன்.

"அத்தே, கீறீங்களா?" என்று மேலேயிருந்து சத்தம் போட்டாள்.

"கீறேன், கீறேன். நீ உன் வேலயப் பாரு," என்றேன்.

இறங்கும்போது அடிபட்ட காலைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வைத்தேன்.