பிரீபெய்டே போதும் என்று சொன்னேன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. செம்மேடு பஸ் ஸ்டாண்டில் பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பலாச்சுளைக் கூடைக்குப் பின்னாலிருந்து செல்லம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

செல்லம்மா வளப்பூர் நாட்டுக்காரி; இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. கொஞ்சம் நிலம், நான்கைந்து பலா மரம், மிளகுக்கொடி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பஸ் ஏறி இங்கே வந்து விற்பாள். ரிட்டயர் ஆகி நானும் என் மனைவியும் கொல்லிமலைக்குக் குடிவந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு மிளகு அவளுடையதுதான்.

முந்தானையில் முடிந்து வைத்திருந்த பட்டன் போனை எடுத்து நீட்டினாள். ரொம்ப மாதமாக டவரே வரவில்லையாம். மலையில்தான் டவர் இல்லையென்று, வாரா வாரம் பேளுக்குறிச்சி சந்தைக்கு இறங்கும்போதும் எடுத்துப் பார்த்தாளாம். அங்கேயும் வரவில்லையாம். தம்பி கூப்பிட்டால் எடுக்க முடியாதே என்று கவலை.

வாங்கிப் பார்த்தேன். டவர் இல்லாமல் இல்லை. சிம்தான் செத்துப் போயிருந்தது.

அந்த சிம்முக்கு பிளான் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே நான்தான்.

வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு நினைவிருக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ‘பிரீபெய்டா, போஸ்ட்பெய்டா?’ என்று பெரிய மேதாவி போல எழுதியிருந்தேன். மாதா மாதம் பில் கட்டுவது ஏமாளிகளின் வேலை, பேசுகிற அளவுக்குப் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று தீர்ப்பு. நிறையப் பேர் பாராட்டி எழுதினீர்கள். ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தேன்.

அதே வாரம்தான் செல்லம்மா வந்து கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் குடை போட்டு சிம் விற்ற ஆள், போஸ்ட்பெய்டு எடுத்துக்கொள், மாதம் ஒரு பில் வரும், நம்பர் எங்கேயும் போகாது என்று சொல்லியிருக்கிறான். எடுக்கலாமா?

யாருக்கெல்லாம் போன் பேசுவாய் என்று கேட்டேன். யாருக்கும் பேச மாட்டாளாம். தம்பி பழனிசாமி மட்டும் கூப்பிடுவானாம்.

அப்புறம் எதற்கு போஸ்ட்பெய்டு? சிரித்தேன். இருக்கிற நம்பருக்கே ஒரு வருட பிரீபெய்டு பிளானை நானே போட்டுக் கொடுத்தேன். முடிந்த பிறகு, தேவைப்படும்போது மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னேன்.

தேவைப்படும்போது... எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

வருடம் முடிந்தது. அவளுக்குத் தேவைப்படவில்லை. அவள்தான் யாரையும் கூப்பிடுவதில்லையே? வருகிற போனுக்கும் ரீசார்ஜ் வேண்டும் என்று நானும் சொல்லவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. எச்சரிக்கை மெசேஜ் வந்திருக்கும் — இங்கிலீஷில். அவளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்.

போஸ்ட்பெய்டு எடுத்திருந்தால்? பில் என்ற வார்த்தைக்கே பயந்து, யாரையாவது பிடித்து ஒழுங்காகக் கட்டியிருப்பாள். அந்தக் குடைக்காரன் சொன்னதுதான் சரி.

பழனிசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அம்மா போன பிறகு செல்லம்மா தூக்கி வளர்த்த பிள்ளை. இப்போது முப்பது வயது. போர்வெல் லாரியில் வேலை. இன்றைக்கு ஆந்திரா, அடுத்த மாதம் சத்தீஸ்கர், அதற்கடுத்து எங்கேயோ. போனைத் தொலைத்துக்கொண்டே இருப்பான், சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பான். ஆனால் அக்கா நம்பர் மட்டும் மனப்பாடம். எங்கிருந்தாலும் யார் போனையாவது வாங்கிக் கூப்பிட்டுவிடுவான்.

நிலத் தகராறில் பங்காளிகளோடு சண்டை போட்டு, இனி இந்த ஊருக்குள் கால் வைக்க மாட்டேன் என்று போனவன். வைக்கவும் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை போன் செய்து அக்காவைப் பேளுக்குறிச்சி சந்தைக்கு வரச் சொல்வான். இரண்டு பேரும் அங்கே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பேசிவிட்டு, அவன் லாரிக்கும் இவள் மலைக்கும் பஸ் ஏறுவார்கள். ஊரில் வேறு யாரோடும் அவனுக்குப் பேச்சு இல்லை.

அவனுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது அந்தப் பத்து இலக்கம்தான்.

என் போனிலிருந்து செல்லம்மாவின் நம்பருக்கு அடித்தேன். ‘உபயோகத்தில் இல்லை’ என்று ஒரு பெண் குரல் சொல்லும் என்று எதிர்பார்த்தேன். மணி அடித்தது. அவள் கையிலிருந்த போன் சும்மா இருந்தது.

ஒரு ஆண் எடுத்தார். தூத்துக்குடிப் பக்கம், மீன் வண்டி ஓட்டுகிறவர். இந்த நம்பரை வாங்கி ஐந்தாறு மாதம் ஆகிறதாம். விஷயத்தைச் சொல்லி, பழனிசாமி என்று யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டேன். செல்லம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன். அன்றைய தினம் நான் செய்த இரண்டாவது தப்பு அது. முதல் தப்பு, காலையில் எழுந்தது.

“வந்துச்சு சார்” என்றார். “ரெண்டு மூணு மாசம் இருக்கும். அக்கா அக்கான்னு ஒருத்தன். ராங் நம்பர்னு வச்சேன். திரும்பவும் அடிச்சான். வண்டி ஓட்டிட்டு இருக்கேன், எனக்கு எரிச்சலாயிட்டு. மூணாவது தடவை, அக்கா இருக்காங்களான்னு மட்டும் சொல்லுங்கன்னான். அக்கா இல்லப்பா, இனிமே இந்த நம்பருக்கு அடிக்காதன்னுட்டேன்.”

அப்புறம்?

“அப்புறம் அழுத மாதிரி இருந்துச்சு. குடிச்சிருக்கான்னு நெனச்சு கட் பண்ணிட்டேன். அதுக்கப்புறம் வரல.”

அக்கா இல்லை.

நம் மொழியில் அதற்கு இரண்டு அர்த்தம். மீன் வண்டிக்காரர் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். எங்கோ தூரத்தில், யாரோ ஒருவரின் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றவன் மற்றதைக் கேட்டிருக்கிறான்.

அவருக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். “ஐயோ, நான் அப்படிச் சொல்லலியே சார்” என்றார். அந்த அழைப்பு எந்த நம்பரிலிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தார். பழையதெல்லாம் அழிந்துவிட்டது. மறுபடி வந்தால் கட்டாயம் சொல்கிறேன் என்று என் நம்பரைக் குறித்துக்கொண்டார். நல்ல மனிதர். யார் மேல் கோபப்படுவது?

செல்லம்மா அழவில்லை. கூடையை மூடியிருந்த சாக்கை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள். பிறகு என்னைக் கேட்டாள்:

“ஏனுங்க சார்... எனக்குன்னு அவன் மொட்டை போட்டிருப்பானுங்களா?”

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுநாள் அவளை நாமக்கல்லுக்கு அழைத்துப் போனேன். செல்போன் கம்பெனி ஆபீஸில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். வேறொருவர் பெயருக்குப் போன நம்பரைத் திருப்ப வழியே இல்லை என்றாள். பிறகு, பழக்க தோஷம், வழவழப்பான அட்டையை எடுத்து முன்னால் வைத்தாள். எத்தனை பிளான்! நாளுக்கு இவ்வளவு டேட்டா, அளவில்லாத பேச்சு, சினிமா, கிரிக்கெட்... யாரிடமும் பேசாமல், ஒரே ஒரு குரலுக்காக வருடம் முழுக்கக் காத்திருப்பவர்களுக்கு என்ன பிளான் இருக்கிறது? தேடினேன். அட்டையின் பின்பக்கத்திலும் இல்லை.

திருச்செங்கோட்டுக்கும் போனோம். போர்வெல் வண்டிகளுக்கு அதுதானே தலைநகரம். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினோம். எந்த முதலாளியின் வண்டி என்று கேட்டார்கள். செல்லம்மாவுக்குத் தெரியவில்லை. வண்டி என்ன கலர்? தெரியவில்லை. ஒரு மேனேஜர், எங்களிடமே நாலு பழனிசாமி இருக்கிறார்கள் என்று நாலு பேருக்கும் போன் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் செல்லம்மா போனை வாங்கி, “கண்ணு, அக்கா பேசறன்” என்றாள். நாலு முறையும் திருப்பிக் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, உன்னைத் தப்பாக வழி நடத்திவிட்டேன், மன்னித்துவிடு என்றேன். நீங்கள் என்ன செய்வீர்கள், நல்லதுக்குத்தானே சொன்னீர்கள் என்றாள். திட்டியிருந்தால் அன்று நிம்மதியாக இருந்திருக்கும்.

சந்தை நாளில் அவள் இப்போதும் பேளுக்குறிச்சிக்கு இறங்குகிறாள். போன வாரம் நானும் கூடப் போனேன். வழக்கமாக இரண்டு பேரும் உட்காரும் இடத்தில், கடைசி பஸ் வரை உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன அக்காவைச் சந்திக்க யார் சந்தைக்கு வருவார்கள்? எனக்குத் தெரிகிறது. அவளுக்கும் தெரிகிறது.

ஆகவே வாசகர்களே, இந்த வாரம் உங்களுக்கு அறிவுரை எதுவும் இல்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். போர்வெல் லாரியில் வேலை செய்பவர்கள் பத்திரிகை படிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் படிக்கிறீர்கள். எந்த ஊரிலாவது, பக்கத்து மனையிலாவது, தமிழ் ஆட்கள் போர் போடும் சத்தம் கேட்டால் ஒரு நிமிடம் போய் நில்லுங்கள். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு, முன்பல் ஒன்று பாதி. பெயர் பழனிசாமி. மிஷின் சத்தத்தில் காது கேட்காது. கொஞ்சம் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அக்கா உயிரோடு இருக்கிறாள்.