மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டு மூட்டை

இன்று அணைக்கரையில் இருந்தவர்கள்: பயிற்சியாளர் ரெட்டி சார், என்னோடு ராஃப்டிங் கைடு பயிற்சி எடுக்கும் காலேஜ் பையன்கள் மூவர், புத்தூரிலிருந்து பைக்கில் கூட்டிவந்த என் வீட்டுக்காரர், நான்.

நீச்சல், துடுப்புத் தேர்வெல்லாம் முடிந்துவிட்டது. இன்று கடைசித் தேர்வு. நான்கு நாள் பயணத்துக்கான சாமான்களைப் படகில் கட்ட வேண்டும். அடுத்த வாரம் கோதாவரிக்குத் துணை கைடாகப் போக ஒரே ஒரு இடம்தான்.

"ஆன்ட்டி, ஊறுகா ஜாடி ஏத்திக்கினீங்களா?" என்றான் ஒருவன். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

கட்டி முடித்ததும் சார் சொன்னார்: "மூணாம் நாள் ராத்திரி சாப்பாடு. எடுங்க!"

பையன்கள் அரிசியெல்லாம் ஒரு பையில், பருப்பெல்லாம் இன்னொரு பையில் வைத்திருந்தார்கள். படகையே காலி செய்ய வேண்டியதாயிற்று. நான் ஒரே ஒரு மூட்டையை உருவிக் கொடுத்தேன். உப்பு, எண்ணெய், தீப்பெட்டி எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன.

"எவரு நேர்ப்பிஞ்சாரு அம்மா?" யார் கற்றுக்கொடுத்தது என்று தெலுங்கில் கேட்டார் சார்.

"யாரும் கத்துக்குடுக்கல சார். புரட்டாசிக்குத் திருமலைக்கு நடந்து போவோம். மொத வருசம் உப்பைத் தேடி நடுரோட்டுல அத்தனையும் கொட்டினேன். அப்பறம் வேளைக்கு ஒரு மூட்டைதான்."

இடம் எனக்கே! கோவிந்தா, கோவிந்தா!

"நாலு நாளும் நான் என்னாத்த துன்றது?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கும் வேளைக்கு ஒரு மூட்டை கட்டி வெச்சிட்டுப் போறேன்."

வெள்ளிக்கிழமை ஆற்றில் இருப்பேன். வீட்டு விளக்கை அவர் ஏற்றினால் ஆகுமா? திரி திரிக்கவே இரண்டு நாள் சொல்லித்தர வேண்டியிருக்கும். இதைப் படிப்பவர்களில் தெரிந்தவர்கள் நாளைக்குள் பதில் சொல்லுங்கள்.