உப்புத் தண்ணீரில் எழும்பிய சுவர்

சுனாமிக்கு அடுத்த வருடம் எங்கள் கட்டிடக்கலைக் கல்லூரி ஒரு பேருந்து நிறைய மேதாவிகளை மரக்காணத்துக்கு அனுப்பி வைத்தது. அந்த மேதாவிகளில் நானும் ஒருத்தி.

உப்பளத்தை ஒட்டி ஒரு தொண்டு நிறுவனம் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. தூண் கிடையாது, செங்கல் சுவரே கூரையின் பாரத்தைத் தாங்கும். புத்தகத்தில் மட்டும் படித்திருந்த அந்த வித்தையை நேரில் பார்க்கப் போனோம். சுவர் இடுப்புயரம்தான் எழும்பியிருந்தது. தலையில் விழுவதற்கு மேலே வானத்தைத் தவிர எதுவும் இல்லை. ஆனாலும் ஆளுக்கொரு மஞ்சள் ஹெல்மெட், பேராசிரியருக்கு மட்டும் வெள்ளை.

அவர் செங்கல்லைத் தொடவே இல்லை. "லோடு எப்படி இறங்குது, நோட் பண்ணுங்க" என்று பேனாவால் சுவரைக் காட்டினார். நாங்கள் பதினைந்து இடங்களில் தடிமனை அளந்தோம். எல்லா இடத்திலும் ஒன்பது அங்குலம். அதைப் பதினைந்து முறை எழுதிக்கொண்டோம், வெட்கமே இல்லாமல்.

அப்போது ஒரு பெண் நேராகப் பேராசிரியரிடம் வந்து நின்றார். உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். அந்த வீடு அவருக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது.

"சார், இந்தப் பள்ளத்துல ஊறுற தண்ணியிலதான் கல்ல நனைக்கிறாங்க. கலவையும் அதுலதான். வாயில வெச்சா கரிக்குது. செவுரு நிக்குமா சார்?"

ஒரு சொட்டு நக்கிப் பார்த்திருந்தால் போதும். பேராசிரியர் நக்கவில்லை. "எழுதிக்கிறோம்மா" என்று சொல்லி என்னைப் பார்த்தார். நானும் எழுதினேன். அந்தப் பெண் என் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அறிக்கையில் அதை 'பயனாளியின் ஐயம்' என்று நான்கு வரியாக்கினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்களுடையதற்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண் கிடைத்தது.

மறுவருடம் ஜூனியர்களுக்கு விளக்கம் சொல்ல அதே வீட்டுக்குப் போனோம். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு மூலைக்குச் சவுக்குக் கழியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். பேராசிரியருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"சால்ட் அட்டாக்! இந்த மாதிரி எக்ஸாம்பிள் கிடைக்காது. போட்டோ எடுங்க!"

கட்டிலும் பாத்திரங்களும் வெளியே கிடந்தன. அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"வந்துட்டீங்களா மேடம்? கான்ட்ராக்டர்கிட்ட தெனம் சண்ட போட்டுனு இருந்தேன். நீங்க எழுதினு போனதும் விட்டுட்டேன். ஆபீசருங்க எழுதிட்டாங்க, வந்து இடிச்சிக் கட்டச் சொல்லுவாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

நாங்கள் ஆபீசர்கள் இல்லை, எழுதியது மார்க்குக்காக என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். பேராசிரியர் கேமராவுக்குள் குனிந்துகொண்டார்.

"எப்ப மேடம் இடிப்பாங்க?"

"சீக்கிரம்" என்றேன்.

அவர் பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "கேட்டீங்களா? சீக்கிரமாம்!"