பெயரை விடாமல் வாசித்த மாலை

நூலகப் பயிற்சி முடித்ததும் எனக்குக் கிடைத்த வேலை கேரளத்து மலையில், வண்டிப்பெரியாருக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டியிருந்த வாசகசாலையில். நான் கேரள எல்லையில், வாளையார்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. நிலக்கடலைக் காட்டு வெயிலில் வளர்ந்தவனுக்கு அந்த மழை முதல் நாளே பிடிக்கவில்லை. கடைசி வரை பிடிக்கவும் இல்லை. நான் எங்கள் கொங்குப் பேச்சில் "ஏனுங்க" என்று ஆரம்பித்தாலே லயத்துப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். லயம் என்றால் தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். அங்கே இருந்தவர்கள் எல்லாம் தெற்கத்திக்காரர்கள், திருநெல்வேலியிலிருந்து தாத்தா காலத்தில் மலையேறியவர்கள்.

வாசகசாலையில் தமிழ்ப் புத்தகங்கள் மொத்தமும் கீழ்த்தட்டில் ஒரே குவியல். 'இதர பாஷை' என்று ஒரு சீட்டு. மாட்டு வைத்தியமும் பக்திக் கதையும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. பொருள்வாரியாகப் பிரித்துப் பட்டியல் அட்டை எழுதுகிறேன் என்று வாசகசாலை செக்ரட்டரியிடம் சொன்னேன். யார் தேடி வரப்போகிறார்கள் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது உண்மை. புத்தகத்துக்கு யாரும் வரவில்லை, பத்திரிகைக்குத்தான் வந்தார்கள்.

சாயங்காலம் லயத்து ஆட்கள் தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, முதுகில் கூடை தொங்கிய ஈரம் காயாமல் வந்து வராந்தாவில் உட்காருவார்கள். நான் சத்தமாக வாசிக்க வேண்டும். மதுரையிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகை கம்பம் பஸ்ஸில் ஒரு நாள் பழசாகி வந்து சேரும். மலையாளப் பத்திரிகை காலையிலேயே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவன் என்பதால், அதை நான் அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். ஆரம்பத்தில் ஒரு வார்த்தை விடாமல்தான் வாசித்தேன். கூட்டத்தில் கலந்துகொண்ட மந்திரிகள், தலைவர்கள் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போனால் கொட்டாவி விடுவார்கள். பேரெல்லாம் நமக்கு எதுக்கு, விசயத்தைச் சொல்லுங்க என்பார்கள். நானும் பெயர்களைத் தாண்டி வாசிக்கப் பழகிக்கொண்டேன். நேரம் மிச்சம், தொண்டையும் மிச்சம்.

பயிற்சியில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் தத்துவம் பேசுகிறவர். அச்சில் இருப்பதெல்லாம் தகவல் ஆகிவிடாது, யாரோ ஒருவருடைய சந்தேகத்தைக் குறைத்தால்தான் அது தகவல், இல்லாவிட்டால் வெறும் மை என்பார். சரியான சேதி, சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால் நூலகனின் கடமை முடிந்தது என்றும் சொன்னார். இளவயதில் இதையெல்லாம் நான் முழுக்க நம்பினேன்.

அந்த ஆடி மாதம் மழை வெளுத்து வாங்கியது. கொழுந்து கிள்ளும் ஒரு பெண்ணின் புருஷன் ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்க டவுனுக்குப் போனவர் திரும்பவில்லை. கடையில் பார்த்தவர்கள் உண்டு. குறுக்கு வழியென்று ஆற்றில் இறங்கியிருப்பார் என்று லயமே பேசியது. உடல் கிடைக்கவில்லை. தோட்டத்து ஆபீசில் தினமும் அவருக்கு 'ஆப்சென்ட்' போட்டுக்கொண்டு வந்தார்கள். சொல்லாமல் மலையிறங்கி ஓடிப்போகிறவர்கள் அங்கே நிறைய. அப்படி ஓடியவர் என்று முடிவானால் வேலைப் பதிவிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள், வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு அவர் பெயரில் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நிரந்தர வேலை கிடையாது. செத்தவரின் வேலையும் வீடும் பெண்டாட்டிக்கு வரும் என்பது தோட்டத்து வழக்கம். செத்துப்போனார் என்று ஆபீஸ் ஒப்புக்கொண்டால்தான் அவளுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை.

சில நாள் கழித்து மலையாளப் பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலே வரி வந்தது. பெரியாற்றைக் கடக்க முயன்ற தமிழ்த் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார், அக்கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள் என்று. அன்று மாலை அதை வராந்தாவில் வாசித்தபோது அந்தப் பெண்ணும் இருந்தாள். அவள் அழவில்லை. அவள் முகத்தில் நான் பார்த்தது நிம்மதி, அதைச் சொல்லவே எனக்குக் கூசுகிறது.

மறுநாள் நானே பத்திரிகையோடு ஆபீசுக்குப் போனேன். கிளார்க் நல்ல மனிதர்தான், டீ கூட வாங்கிக் கொடுத்தார். நாலு வரியையும் படித்துவிட்டு, இதில் இவர்தான் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். எழுதியவரிடமே கேட்பதென்று கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் கடை வைத்துக்கொண்டு பத்திரிகைக்குச் சேதி அனுப்புகிறவரைத் தேடிப் பிடித்தேன். டீக்கடையில் கேள்விப்பட்டதை எழுதினாராம். யார் சொன்னது என்று ஞாபகமில்லை. பெயரை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு தொழிலாளியின் பெயர் எதற்கு என்று நினைத்திருப்பார். என் வராந்தாவில் மந்திரிகளின் பெயருக்கு நடந்ததுதான் பத்திரிகையில் ஆற்றோடு போனவரின் பெயருக்கும் நடந்தது.

அந்த நாலு வரி பொய் இல்லை. சரியான ஆளிடம் சரியான நேரத்தில் சேர்த்தும் விட்டேன். அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்தது, கிளார்க்குக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஆசிரியர் இதை எந்தத் தட்டில் வைத்திருப்பாரோ. 

வீட்டைக் காலி செய்யச் சொன்ன அன்று, மழை கொஞ்சம் விட்டிருந்த மாலையில், அவள் தனியாக வந்தாள். கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தாள். அந்தப் பழைய பத்திரிகையை எடுக்கச் சொன்னாள்.

"சார், நீங்க எப்பவும் பேரையெல்லாம் விட்டுட்டுத்தான வாசிப்பீக. நாங்கதான் அப்படிச் சொன்னோம், உங்க மேல குத்தமில்ல. இன்னிக்கு ஒரு தடவ பேர விடாம வாசிங்க."

அந்த நாலு வரியை வாசித்தேன். இன்னும் இருக்கும், பாருங்க என்றாள். பேர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மந்திரிகள் பெயர், கட்சிக்காரர்கள் பெயர், பந்தாட்டக்காரர்கள் பெயர், சினிமா விளம்பரத்தில் இருந்தவர்கள் பெயர், எதையும் விடவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் அவள் தலை லேசாக நிமிர்ந்து தாழ்ந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், பத்திரிகையை அச்சடித்தவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருந்தன. அவற்றையும் வாசித்தேன்.

"அவ்வளவுதானா சார்?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் என்றேன்.