அக்காவுக்கு நான் கொடுத்த மாடி

அக்காவை மாடியில் குடிவைத்தவன் நான். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் அவர் படக்கூடாது என்பதுதான் காரணம். அவரது முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் எடுத்துப் படிக்கும் உறவினரும் நண்பர்களும் முதலில் இதை அறிய வேண்டும். என்னைப் பற்றி நல்ல வார்த்தை ஏதும் சொல்ல நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்தின் ஒற்றையறைக் காம்பராவில் அக்கா பிறந்தார். தாயார் மறைந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடையைத் தலையில் மாட்டினார். அவர் பறித்த கொழுந்தில்தான் நான் பதுளைக்கு வந்து படித்தேன், ஆசிரியனானேன். மணமான சில ஆண்டுகளில் கணவரை இழந்தார். பிள்ளைகள் இல்லை. தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்ப இரு அரசுகளும் செய்த ஒப்பந்தத்தின்படி மற்ற உறவினர் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, தம்பி இருக்கிறான் என்று இங்கேயே தங்கிவிட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தம்பி பதுளையில் வீடு கட்டினான். காணி சமதரை, அகலமும் தாராளம். புத்தியுள்ள எவரும் அதில் தரையோடு ஒரு வீட்டை விசாலமாகக் கட்டியிருப்பார். எனக்கோ, ஒரே தளத்தில் அறைகள் வரிசையாக நின்றால் அது லயம். லயத்தில் பிறந்ததை மறைக்க ஒரு மாடி தேவைப்பட்டது. தோட்டத்தை ஆண்ட துரையின் பங்களாவும் ஒரே தளம்தான் என்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவன் நான். அதையும் மறக்கடித்த படிப்பு என் படிப்பு. சிமெந்துப் படிக்கட்டு, அதற்குச் சிவப்புப் பூச்சு. குழாய், சமையலறை, கழிப்பறை எல்லாம் கீழே. மேலே காற்றும் என் கர்வமும்தான். படிக்கட்டைப் போல வீணான பொருளை மனிதன் வீட்டுக்குள் கட்டியதில்லை. மேலே இருப்பவர் ஒரு வாய்த் தண்ணீருக்கு இறங்க வேண்டும். கீழே இருப்பவர் ஒரு வார்த்தை பேசக் கத்த வேண்டும்.

முழங்கால் ஓய்ந்து அக்கா வேலையை விட்டபோது அழைத்துவந்தேன். வாழ்நாள் முழுவதும் மலையேறியவர், படியில்லாத ஒரு மூலை போதும் என்றார். என் மனைவி கீழ் அறையைக் காட்டினார். அது கூடத்துக்குப் பக்கத்து அறை. அக்காவின் வெற்றிலையும் தோட்டத்துப் பேச்சும் வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அவரது பெட்டியை நான் மாடிக்குத் தூக்கினேன். அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்தேன்.

ஒரு நாள் கல்வி அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் தேநீருக்கு வந்தார். அவர் போகும்வரை இறங்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தும் பொறுத்துப் பார்த்தவர், முடியாமல், ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து நகர்ந்து இறங்கினார். பெரியவர் எழுந்து நின்று, "மாடியிலயா இருக்கீங்க, அம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. எங்க தோட்டத்து ஸ்டோர்ல கொழுந்த மாடியிலதான் வாடப் போடுவாங்க. தம்பி என்னையும் அங்கதான் போட்டிருக்கு."

தேயிலை ஆலையை அறிந்த பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் காலை அக்கா பெட்டியோடு கொஸ்லந்தைக்கு பஸ் ஏறினார். தன்னோடு கொழுந்தெடுத்த முத்தம்மாவின் காம்பராவில் தங்கிக்கொண்டார்.

அவர் போன பிறகுதான் வீட்டின் பின்புறம், படுக்கை, அடுப்படி, குழாய், கழிப்பறை எல்லாம் ஒரே மட்டத்தில், நிலைப்படிகூட இல்லாமல் ஒரு சிறு வீடு கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன சேர், லயம் கட்டுறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

அக்காவை அழைத்துவந்து காட்டினேன். அடுப்படியிலிருந்து படுக்கைவரை காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, வெற்றிலை போட்டார். பிறகு பையை எடுத்தார்.

"நல்லாத்தான் இருக்குடா. வச்சிரு. ஒனக்கு முட்டி போனா ஒதவும். பஸ்ஸுக்கு நேரமாச்சு, நா போறேன்."

பலமுறை போய் அழைத்தேன். வரவில்லை. சென்ற ஆண்டு முத்தம்மாவின் காம்பராவிலேயே கண்ணை மூடினார். கடைசிவரை கஞ்சி ஊட்டிய முத்தம்மாவுக்கும், நோய் முற்றிய போதெல்லாம் அக்காவைக் கம்பளியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குச் சுமந்து இறங்கிய லயத்துப் பிள்ளைகளுக்கும் நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை, ஆயினும் சொல்கிறேன்.

நினைவு நாள் சாப்பாடு பின்வீட்டில் நடைபெறும். யாரும் படி ஏற வேண்டியதில்லை; மாடியைப் பூட்டிவிட்டேன். என் முட்டி போய்விட்டது. அக்கா சொன்னபடியே அந்த வீடு உதவுகிறது.